கூடத்தை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? எல்லையோரச் சிறு இசை அரங்குகளுக்கு ஒரு கணக்கு

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து இசைக் குழுக்காரர்கள் சிலர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். எழுபது எண்பது நாற்காலி போட்ட கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கச்சேரி, மெல்லிசை, நாட்டுப்புறப் பாட்டு என்று நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் முடியப்போகிறது. கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றப்போகிறார். கூடத்தை விட்டுவிட்டு மண்டபம் மண்டபமாகப் போவதா, உணவகம் எதனோடாவது சேர்ந்துகொள்வதா, கோயில் மேடை போதும் என்று ஒதுங்கிவிடுவதா?

சபாக் கணக்கு எழுதிப் பழகியவன் நான். பாட்டுக்காரர்களுக்கு என் பதில் பெரும்பாலும் பிடிப்பதில்லை. எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் மாறாமல் வரும் தேதி, வந்து உட்காருபவர்களின் பெயர்ப்பட்டியல், கையில் சொந்தமாக ஒரு நல்ல ஒலிக்கருவித் தொகுப்பு, இந்த மூன்றும் இருந்தால் குழு பிழைக்கும். வாடகைக்கு எடுத்த கூடம் இவற்றுக்கு உதவுகிறதா என்பதுதான் கேள்வி. சில ஊர்களில் உதவுகிறது. பல ஊர்களில் உதவவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வெளிநாட்டு அரங்குகளைப் பார்த்து நாமும் அப்படிச் செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் சிறு அரங்குகளுக்காக 2014ல் தொடங்கிய மியூசிக் வென்யூ டிரஸ்ட், 2023ஆம் ஆண்டில் மட்டும் 125 அரங்குகள் மூடப்பட்டன அல்லது நேரடி இசையை நிறுத்திக்கொண்டன என்று கணக்கிட்டது. அங்கே சிறு அரங்குகள் இதுநாள்வரை தாக்குப்பிடித்ததே மது விற்பனையால்தான். டிக்கெட் பணம் பாட்டுக்காரருக்கும் பியர் பணம் கட்டடத்துக்கும் என்பது அவர்கள் ஏற்பாடு. கேரளத்தில் 2017 மதுக்கொள்கைப்படி மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்குத்தான் பார் உரிமம். எண்பது நாற்காலிக் கூடத்துக்கு அந்த வாசலே கிடையாது. நம் கூடங்களில் விற்பனைக்கு இருப்பது தேநீரும் பருப்பு வடையும். ஆகவே அவர்களுடைய நஷ்டத்தின் காரணம் வேறு, நம்முடைய நஷ்டத்தின் காரணம் வேறு.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், நிகழ்ச்சி ஒன்றுகூட நடக்காத மாதத்தில் எவ்வளவு பணம் போகும் என்பது. நிறைந்த கூட்டத்தின் வசூலைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் கடன்படுகிறார்கள். ஆனி ஆடி மழையில் பாலக்காட்டுப் பக்கம் மாலையில் வெளியே வர ஆளில்லை. கேரளக் கோயில்களில் பூரம், வேலா என்று திருவிழாக்களாக இருக்கும் தை முதல் சித்திரை வரை செண்டைக்காரர்களும் கானமேளா என்ற மேடை மெல்லிசைக்காரர்களும் கிடைப்பதில்லை. மார்கழியில் பெரிய வித்வான்கள் சென்னைக்குப் போய்விடுகிறார்கள். வருடத்தில் வெறும் மாதங்கள் எத்தனை என்பதை முதலில் எண்ணுங்கள்.

இரண்டாவது, தேதி யார் கையில் இருக்கிறது. மூன்றாவது, காது, அதாவது அந்த இடத்தில் இசை தெளிவாகக் கேட்கிறதா என்பது. நான்காவது, கடைசி பஸ். எட்டரைக்கு மேல் கிராமத்துக்கு வண்டி இல்லாத ஊரில் ஏழு மணிக்குக் கச்சேரி வைப்பது, பைக் வைத்திருக்கும் ஆண்களுக்கு மட்டும் கச்சேரி வைப்பதாகும். ஐந்தாவது, ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவர் யார். இந்த ஐந்தையும் எல்லா வழிகளுக்கும் ஒரே அழுத்தத்தோடு போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. வாடகைக் கூடத்தில் முதலாவதும், மண்டபத்தில் இரண்டாவதும், உணவகத்தில் மூன்றாவதும் கழுத்தைப் பிடிக்கும்.

## ஆண்டு வாடகைக்கு எடுத்த சொந்தக் கூடம்

கணக்குப் போட்டே பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் எண்களை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 25,000, காவலாளி 12,000, மின்சாரம் 6,000, சில்லறை 2,000. ஆக மாதம் 45,000. டிக்கெட் 200 ரூபாய். அறுபது பேர் வந்தால் 12,000. அதில் கலைஞர்களுக்கு 7,000. ஒலி பார்ப்பவர், தேநீர், பேனர் எல்லாம் சேர்த்து 1,500. மிச்சம் 3,500. நாற்பத்தைந்தாயிரத்தை மூவாயிரத்து ஐந்நூறால் வகுத்தால் மாதம் பதின்மூன்று நிகழ்ச்சி வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு முறை அறுபது பேர் டிக்கெட் எடுத்து வரும் ஊர் எல்லையோரத்தில் எது? கோயம்புத்தூரிலேயே அது சுலபமில்லை.

மாதம் இரண்டு நிகழ்ச்சி மட்டும் நடத்தினால் இந்தக் கூடத்தில் நஷ்டம் 38,000. கலைஞருக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்து இதைச் சரிக்கட்டப் பார்ப்பது வழக்கம். ஏழாயிரம் ஐந்தாயிரமாகும், மிருதங்கக்காரருக்குப் பஸ் கட்டணம் மட்டும் என்றாகும். ஆனால் ஏழாயிரத்தை முழுவதுமாக நிறுத்தினாலும் மாதம் 14,000தான் மிஞ்சும். கலைஞரைப் பட்டினி போட்டாலும் கூடம் பிழைக்காது.

பட்டியலில் வராத செலவுகள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலான ஒப்பந்தங்கள் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதப்படுகின்றன. ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் இப்படி ஒரு வழக்கம். பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பிக் கூடத்துக்கு மேடை கட்டி, பொய்க்கூரை போட்டு, ஒலி உறிஞ்சும் பலகை அடித்தவர்கள் காலி செய்யும்போது அதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. மின்வாரியம், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் இணைப்புப் பளுவுக்கேற்ப நிலைக்கட்டணம் வாங்கும். ஏசியை நம்பிப் பளுவைக் கூட்டி எழுதினால் மழைக்காலத்திலும் அந்தத் தொகை வரும். ஏசி வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பங்குனி சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. தகரக்கூரைக்குக் கீழே எவரும் இரண்டரை மணி நேரம் உட்கார மாட்டார்கள். அந்த ஏசியில் இன்னொரு வேடிக்கை. வெளியே வெக்கையில் சுருதி சேர்த்த மிருதங்கம் உள்ளே வந்து அரைமணி நேரத்தில் சுருதி மாறிவிடும். கல்லையும் சிறு கட்டையையும் எடுத்து மிருதங்கக்காரர் அதன் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருப்பார். பாடகர் தம்புரா மட்டும் ஒலிக்கக் காத்திருப்பார். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே குளிரூட்டி, வாத்தியங்களை உள்ளே கொண்டுவந்து வைப்பதுதான் மருந்து. அந்த ஒரு மணி நேர மின்சாரமும் கணக்கில் சேரட்டும்.

உரிமமும் உண்டு. கேரளத்தில் பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி உரிமம் வேண்டும், தீயணைப்புத் துறையின் சம்மதமும் கேட்பார்கள். வாடகைக்காரர் நீங்கள், ஆனால் இரண்டாவது வாசல் திறக்க வேண்டியது உரிமையாளரின் சுவரில். அவர் சம்மதிக்காவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சொந்தக் கூடம் சரியான தேர்வாக இருக்கும் நிலைமை ஒன்று உண்டு. பகலில் வேறு யாராவது வாடகை கொடுக்க வேண்டும். காலையில் பாட்டு வகுப்பு, மாலை நான்கிலிருந்து ஆறுவரை பரதநாட்டிய வகுப்பு, ஞாயிறு கீபோர்டு வகுப்பு. இவர்கள் மாதம் 20,000 கொடுத்தால் உங்கள் பாரம் 25,000 ஆகக் குறைகிறது. ஏழெட்டு நிகழ்ச்சி நடத்தினால் கைக்கடியாகாது. பாலக்காட்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அதில் படித்து வந்தவர்கள் வகுப்பு எடுக்க இடம் தேடுகிறார்கள், நல்ல பியானோவும் நல்ல கண்ணாடியும் கேட்பவர்கள் அல்லர். இப்படி ஓர் ஆசிரியரோடு எழுத்தில் பேசி முடித்த பிறகு கூடத்தைப் புதுப்பியுங்கள். கூடத்தைப் புதுப்பித்துவிட்டு ஆசிரியரைத் தேடப் போகாதீர்கள்.

## மண்டபம், நூலகக் கூடம்: நாள் வாடகை

அதே கணக்கில் மண்டபத்துக்கு நாள் வாடகை 4,000 என்று வைப்போம், ஒலிக்கருவி உங்களுடையது. 12,000 வசூலில் கலைஞர் 7,000, இதர செலவு 1,500, மண்டபம் 4,000. நிகழ்ச்சிக்கு 500 ரூபாய் நஷ்டம். மாதம் இரண்டு நடத்தினால் ஆயிரம். ஐம்பது உறுப்பினர் மாதம் நூறு கொடுத்தால் அதை அடைத்துவிட்டு நாலாயிரம் கையில் நிற்கும். நடக்காத மாதத்தில் செலவு கிட்டத்தட்டச் சுழியம். மேற்சொன்ன எண்களின்படி, பகல் வகுப்பு வாடகை இருந்தாலும்கூட, மாதம் ஆறு நிகழ்ச்சிக்குக் கீழே இருப்பவர்களுக்கு மண்டபமே மலிவு.

ஆனால் தேதி உங்கள் கையில் இல்லை. கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேலாளரிடமிருந்து தொலைபேசி வரும். "அண்ணா, பெண் வீட்டார் மூன்று நாளைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்களேன்." அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கல்யாணம் அவருக்கு உங்கள் ஒரு வருடத்து வாடகையைக் கொடுத்துவிடும். அடித்த நோட்டீஸ் வீணாகிறது. இரண்டாவது சனி என்று பழகியவர்கள் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த முறை வருவதில்லை. மண்டபத்தின் உண்மையான விலை இதுதான்.

இதற்குப் பரிகாரம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. அதே காலத்துக் கர்க்கடகத்தில் மலையாளிகளும் வைப்பதில்லை. மார்கழியும் காலி. எல்லையோர மண்டபங்களுக்கு ஆடி இரட்டைப் பஞ்சம். அந்த மாதத்தில் போய் உட்கார்ந்து பேசினால் வருடம் முழுவதற்கும் ஓர் ஒப்பந்தம் கேட்கலாம்: ஆடியிலும் மார்கழியிலும் நாங்கள் நான்கு நாள் எடுத்துக்கொள்கிறோம், மற்ற மாதங்களில் முகூர்த்தம் இல்லாத நாளில் மாதம் ஒரு நாள் எங்களுக்கு உறுதியாகக் கொடுங்கள் என்று. முகூர்த்தமில்லாத செவ்வாய்க்கிழமை கச்சேரி நம் ஊர்களில் கேட்டறியாதது. ஆனால் ஒரு வருடம் விடாமல் நடத்தினால் செவ்வாய் என்றால் கச்சேரி என்று ஆகிவிடும். சனிக்கிழமைதான் வேண்டும் என்பவர்கள் மாதாமாதம் தேதியைத் தொலைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது காது. வழவழத்த தரை, வெறும் சுவர், உயர்ந்த கூரை. கை தட்டினால் தட்டியவருக்கே இரண்டு முறை கேட்கும். வயலினின் வேகமான பிடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். தவிலுக்கு மைக் வைத்தால் முன்வரிசை எழுந்து பின்னால் போகும். நிபுணர் யாரும் வேண்டாம். பவானி ஜமுக்காளங்களை மொத்தமாக வாங்கி, மேடைக்கு எதிர்ச்சுவரிலும் பக்கச் சுவர்களில் மேடையை ஒட்டியும் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் நாலு விரற்கடை விட்டுத் தொங்கினால் இன்னும் நல்லது. தரையில் முன்பாதிக்கு விரிப்பு விரித்து நாற்காலியைப் பின்னால் தள்ளுங்கள். பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டுக்குப் பதில் சிறியவை நான்கு. வித்தியாசம் முதல் வர்ணத்திலேயே தெரியும். இவை எல்லாம் ஒரு சரக்கு ஆட்டோவில் அடங்கிவிடும். எந்த மண்டபத்துக்குப் போனாலும் கூடவே வரும். கூடத்துச் சுவரில் அடித்த பலகை அப்படி வராது.

வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. நல்லதுதான். ஆனால் பதிவு பெற்ற மண்டபம் உங்களிடம் வாடகைமேல் 18 சதவீதம் வாங்கும். டிக்கெட்டுக்கு வரியில்லாததால் அதைக் கழித்துக்கொள்ள வழியும் இல்லை. அந்தத் தொகை முழுவதும் உங்கள் செலவு. ஆனால் பொதுமக்களுக்கான வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில், பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் கல்யாண மண்டபத்தின் நாள் வாடகை 10,000க்குக் கீழ் இருந்தால் வரிவிலக்கு உண்டு. மண்டபங்களை ஒப்பிடும்போது வரி சேர்த்த தொகையை ஒப்பிடுங்கள்.

கேரளப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு நல்வாய்ப்பும் இருக்கிறது. பி.என். பணிக்கர் 1945ல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தின் பயனாக ஊருக்கு ஊர் நூலகம், பல நூலகங்களுக்கு மாடியில் ஒரு சிறு கூடம். ஐம்பது அறுபது பேர் உட்காரலாம். வாடகை சொற்பம், சில இடங்களில் மின்கட்டணம் மட்டும். டிக்கெட் விற்கக் குழுவினர் சம்மதிக்க மாட்டார்கள். வாசலில் உண்டியல் வைக்கச் சம்மதிப்பார்கள். தமிழ்ப் பாட்டு மட்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் மாதம் ஒன்றில் பாலக்காட்டுப் பக்கத்து நாட்டுப்புறக் கலைகளான பொறாட்டு நாடகத்தின் பாட்டோ கண்யார்களிப் பாட்டோ வைத்தால் அவர்கள் தாங்களாகவே தேதி கொடுப்பார்கள். அவற்றில் தமிழும் கலந்திருக்கிறதே.

## உணவகத்தோடு கூட்டு

கேட்க அழகாக இருக்கும் யோசனை. உணவகக்காரருக்கு வார நாளில் கூட்டம், உங்களுக்கு வாடகையில்லா மேடை. நடைமுறையில், ஆலாபனை மத்திய ஸ்தாயியில் நிற்கும்போது உள்ளே கொத்து பரோட்டாக் கல்லில் தனி ஆவர்த்தனம் தொடங்கிவிடும். சாப்பிட வந்தவர் பாட்டுக் கேட்க வந்தவர் அல்லர்; அவர் பேசுவார், பேச உரிமையும் உண்டு. கிதார், கஸல், பழைய திரைப்பாட்டு இவற்றுக்கு இது ஒத்துவரும். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு ஒத்துவராது.

மறைந்திருக்கும் செலவு, கலைஞருக்குப் பணம் யார் கொடுப்பது என்பது. 'விளம்பரம் கிடைக்கும், சாப்பாடு உண்டு' என்று முடித்துவிடுவார்கள். குறைந்தபட்சத் தொகை ஒன்றை எழுதி வாங்குங்கள். இசைக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனிச் சீட்டு வையுங்கள். சேர்த்து ஒரே தொகையாக விற்றால் வரிக்கணக்கு சிக்கலாகும். வயது இருபதுகளில் இருக்கும் குழு, ஊரில் இன்னும் பெயர் தெரியாத குழு, இவர்களுக்கு முதல் வருடம் இதுவே நல்ல வழி.

## கோயில் மேடை

பாலக்காட்டுக்காரர்களுக்கு இது பரம்பரைச் சொத்து. கல்பாத்தித் தேரையொட்டி நவம்பரில் சங்கீத உற்சவம், கோட்டாயி பக்கம் செம்பை கிராமத்தில் ஏகாதசிக் கச்சேரிகள், குருவாயூரில் செம்பை வைத்தியநாத பாகவதரின் பெயரால் நடக்கும் உற்சவம். தோல்பாவைக்கூத்துக்குக் கூத்துமாடம் என்று தனிக் கட்டடமே கட்டிவைத்த ஊர்ப்பக்கம் இது. கம்பராமாயணப் பாட்டு இரவு முழுவதும் அங்கே நடக்கும். எதிரே ஒருவரும் இல்லாவிட்டாலும் பகவதி கேட்கிறாள் என்பது ஐதீகம். வசூல் கவலை இல்லாத அரங்கு உலகத்தில் அது ஒன்றுதான்.

செலவு கிடையாது, கூட்டம் தானாக வரும், ஒலியும் பந்தலும் உற்சவக் குழுவின் பொறுப்பு. விலை வேறு இடத்தில் இருக்கிறது. வருடத்தில் சில நாட்கள்தான்; யார் பாடுவது, என்ன பாடுவது என்பது உங்கள் கையில் இல்லை. செம்பையின் சீடர் யேசுதாஸுக்கே குருவாயூர்க் கோயிலுக்குள் அனுமதி இல்லை என்பது ஊரறிந்தது; வெளியே உள்ள அரங்கில்தான் அவர் பாடிவந்தார். தமிழ் பேசும் ராவுத்தர்களும் தேவாலயப் பாடகர்களும் பறையடிப்பவர்களும் கலந்த குழுவாக இருந்தால் கோயில் மேடையை மட்டும் நம்பி வருடத் திட்டம் போட முடியாது. உற்சவத்தில் ஒரு நாள் கேட்டு வாங்கி, அங்கே வந்த கூட்டத்திடம் உங்கள் மாதத் தேதியைச் சொல்லுங்கள். அந்த அளவுக்குப் பயன்படும்.

## வீட்டுக் கூடம்

முப்பது பேர், மைக் இல்லை, டிக்கெட் இல்லை. அக்ரகார வீடுகளிலும் சித்தூர்ப் பக்கத்துப் பழைய தோட்ட வீடுகளிலும் இதற்கென்றே அமைந்த கூடங்கள் இருக்கின்றன. இசை கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் எந்த வீட்டுக்குள் யார் தயங்காமல் நுழைவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வருடத்தில் மூன்று நான்கு முறை, துணை ஏற்பாடாக.

## சேர்ந்து வாங்குவது

இங்கிலாந்தில் ஆதர்ட்டன் என்ற சிற்றூரில் தி ஸ்னக் என்ற சிறு அரங்கின் கட்டடத்தை, சிறு முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி 2023ல் வாங்கினார்கள். நோக்கம் ஒன்றே: இசைக்காரரை வெளியேற்றாத உரிமையாளர். நம் பக்கத்துக்கும் இது அந்நியமான யோசனை இல்லை. 1958ல் திருச்சூரில் தொழிலாளர் கூட்டுறவாகத் தொடங்கிய இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் நடக்கிறது. ஆனால் நிலத்தின் விலைக்கும் பதிவுச் செலவுக்கும் பணம் திரட்டும் முன், உங்களுக்குக் கட்டணம் கட்டும் உறுப்பினர் முந்நூறு பேராவது, இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதற்கு முன்னால் இதைப் பேசுவது பொழுதுபோக்கு.

| | நடக்காத மாதச் செலவு | தேதி யார் கையில் | ஒலி | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| வாடகைக் கூடம் | அதிகம் | உங்கள் கையில் | சீர்செய்யலாம், காலி செய்யும்போது போய்விடும் | பகல் வகுப்பு வாடகையும் மாதம் ஏழெட்டு நிகழ்ச்சியும் உள்ளவர் |
| மண்டபம் | இல்லை | மண்டபத்தார் கையில் | ஜமுக்காளம் வேண்டும் | மாதம் ஒன்று முதல் ஐந்து வரை |
| நூலகக் கூடம் | இல்லை | பேசிக்கொள்ளலாம் | பரவாயில்லை | உண்டியல் வசூல் போதும் என்பவர் |
| உணவகம் | இல்லை | உணவகத்தார் கையில் | மோசம் | புதிய மெல்லிசைக் குழு |
| கோயில் மேடை | இல்லை | உற்சவக் குழு | திறந்தவெளி | பெயர் பரவ |
| சொந்தக் கட்டடம் | கடனைப் பொறுத்தது | உங்கள் கையில் | நிரந்தரமாகச் சீர்செய்யலாம் | பெரிய உறுப்பினர் பட்டியல் உள்ளவர் |

## எந்த வழியானாலும் கூடவே வருபவை

பாட்டுக்கு உரிமம். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கீர்த்தனைகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாபநாசம் சிவன் 1973ல் மறைந்தவர். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற விதிப்படி அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. திரைப்பாட்டு பாடும் மெல்லிசைக் குழு, டிக்கெட் விற்றால், பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். பொழுதுபோக்காகப் பாடுபவர்களின் சங்கம், கட்டணம் இல்லாமல் நடத்தினால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நூலகக் கூடத்தின் உண்டியல் இந்த விலக்கைக் கெடுக்குமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சத்தம். இரவு 10 மணிமுதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் விலக்கு உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். மண்டபத்துக்குப் பக்கத்தில் புதிதாக மருத்துவமனை எதுவும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேதி எழுதுங்கள்.

எல்லை. பொள்ளாச்சியிலிருந்து வாத்தியக்காரர்களை ஏற்றிவரும் வாடகை வேனுக்கு அகில இந்திய அனுமதி இல்லாவிட்டால் கேரளத்துக்குள் நுழையத் தனி அனுமதியும் வரியும். சோதனைச் சாவடியில் நிற்கும் அரைமணி நேரத்தில் உங்கள் ஒலிச்சோதனை நேரம் போய்விடும். வேன்காரரிடம் அனுமதிச் சீட்டின் படத்தை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

பதிவு. ஒலிக்கருவியும் வங்கிக் கணக்கும் ஒருவர் பெயரில் இருந்தால், மனஸ்தாபம் வரும் நாளில் குழு இரண்டாக உடையும். சங்கமாகப் பதிவு செய்யுங்கள். பழைய மலபார்ப் பகுதியில் 1860ஆம் ஆண்டுச் சட்டம், பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியில் 1955ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டுப் பக்கம் 1975ஆம் ஆண்டுச் சட்டம். பாலக்காடு மலபாரில் இருந்தது, சித்தூர் வட்டம் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு வெவ்வேறு சட்டம் என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் போய்த்தான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். நன்கொடைக்கு வரிச்சலுகை வாங்கிவிட்டால் பணம் கொட்டும் என்று எண்ண வேண்டாம். புதிய வருமானவரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகையால் பயனில்லை. அரசு உதவிக்குத் திருச்சூரில் சங்கீத நாடக அகாதமி, சென்னையில் இயல் இசை நாடக மன்றம், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம். எல்லைக் குழுக்கள் மூன்றாவதை மறந்துவிடுகின்றன.

## ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன்

மேலே சொன்னதை எல்லாம் பார்த்த பிறகும் கூடத்தை வைத்துக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் உரிமையாளரிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள். மூன்றாண்டு ஒப்பந்தம், பதிவுச் செலவில் பாதி அவருடையது. பகல் வகுப்புகளுக்கு உள்வாடகை விட அனுமதி. நீங்கள் போட்ட மேடையும் பலகையும் உங்களுடையவை என்றும், காலி செய்யும்போது எடுத்துக்கொள்ளலாம் அல்லது தேய்மானம் போக விலை கிடைக்கும் என்றும் ஒரு வரி. தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருப்பவர்கள் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தங்கள் ஊருக்குப் பொருந்தினால், அதன்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும்.

மூன்றுக்கும் அவர் மறுத்தால் சாவியைக் கொடுத்துவிடுங்கள். ஆடி பிறந்ததும் மண்டபத்தாரைப் போய்ப் பாருங்கள். ஒப்பந்தம் ஐப்பசியில்தான் முடிகிறது என்றாலும் பேச்சை ஆடியிலேயே முடித்துவிடுங்கள். ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் அவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது.